பொத்தான் கூடாது, சென்ட் கூடாது!

குழந்தைக்குப் போர்வை தைக்கிறீர்களா? பொத்தான் வைக்காதீர்கள். சென்ட் அடிக்காதீர்கள். யாராவது சிகரெட் பிடிக்கும் அறையில் துணியை வைக்காதீர்கள். துணியைத் துவைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். தையல் கோடுகளுக்கு நடுவே ரொம்ப இடைவெளி விடாதீர்கள். தைத்து முடித்ததும் உள்ளே குண்டூசி தங்கவில்லை என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அமெரிக்காவின் சிற்றூர்களில் குவில்ட் தைப்பவர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள். தைத்ததைத் தானமாகக் கொடுப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை என்று அந்தச் சங்கங்கள் சொல்லும் விதிகள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கண்டிப்பான டீச்சர் போட்ட சட்டம் மாதிரி இருக்கிறது, இல்லையா? ஒவ்வொன்றையும் 'ஏன்?' என்று கேட்டுப் பாருங்கள். சிலவற்றுக்கு இயற்பியலில் பதில் கிடைக்கும், சிலவற்றுக்கு வேதியியலில். இரண்டு மூன்றுக்கு நம் மூக்கையும் விரல் நுனியையும்தான் கேட்க வேண்டும்.

குவில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே, சின்னச் சின்னத் துணித் துண்டுகளை இணைத்து அமைத்த கோலம். நடுவில் பஞ்சு. அடியில் ஒரு முழுத் துணி. மூன்றையும் சேர்த்து ஊசியால் ஓட்டுத் தையல் போட்டுவிட்டால் குவில்ட் தயார். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவும், வட கர்நாடகத்தின் கௌதியும் இதற்கு நெருங்கிய சொந்தக்காரர்கள்.

சங்கத்தார் மாதம் ஒருமுறை ஊர் நூலகத்திலோ தேவாலயக் கூடத்திலோ கூடுவார்கள். பாட்டிமார்தான் அதிகம், தாத்தாக்களும் உண்டு, கல்லூரிப் பெண்களும் உண்டு. அந்த மாதம் தைத்ததை ஒவ்வொருவராக எழுந்து விரித்துக் காட்டுவார்கள். சில சமயம் எல்லோருக்கும் பார்க்கச் சகிக்காத ஒரே துணியைக் கொடுத்து, 'இதை வைத்து அழகாக ஒன்று தைத்துவா பார்ப்போம்' என்று போட்டி வைப்பார்கள். இன்னொரு நாள் எல்லோரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, சேர்ந்து உட்கார்ந்து தைப்பார்கள். அப்படித் தைத்தவை மருத்துவமனைக் குழந்தைகளுக்கும், தீ விபத்தில் வீட்டை இழந்தவர்களுக்கும், முதியோர் இல்லங்களுக்கும் போகும்.

முதலில் ஒரு கேள்வி. போர்வை சூடு தருமா?

தராது. ஒரு பொட்டு வெப்பத்தைக்கூட அதால் உண்டாக்க முடியாது. சூடு தருவது நீங்கள்தான். தூங்கும்போதுகூட ஒரு பெரியவரின் உடல் சுமார் 70 வாட் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிவது போல. போர்வை அதை ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். பிடித்து வைப்பது பஞ்சு என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. பருத்தி நார் வெப்பத்தைக் காற்றைவிட நன்றாகவே கடத்தும். உண்மையில் தடுப்பது நார்களுக்கு இடையே சிக்கிக்கொண்ட காற்று. அசையாத காற்றின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.025 வாட்தான். தண்ணீருக்கு அது 0.6. அதாவது 24 மடங்கு. ஈரப் போர்வைக்குள் ஏன் வெடவெடக்கிறது என்று புரிகிறதா? காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது.

'அசையாத' என்ற சொல்லைக் கவனியுங்கள். காற்று அசைந்தால் எல்லாம் கெட்டது. சூடான காற்று லேசாகி மேலே போகும், குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும், வெப்பம் சவாரி ஏறிப் போய்விடும். பஞ்சு நார்கள் காற்றை ஆயிரக்கணக்கான குட்டி அறைகளில் அடைத்துப் போடுகின்றன. அத்தனை சின்ன அறைக்குள் அதற்குச் சுற்றி வர இடமில்லை.

நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே அளவுள்ள மூன்று எவர்சில்வர் டம்ளர்கள். பெரியவர்கள் யாரையாவது மூன்றிலும் சம அளவு வெந்நீர் ஊற்றச் சொல்லுங்கள். ஒன்றைச் சும்மா விடுங்கள். இன்னொன்றைத் துணியால் இறுக்கிச் சுற்றுங்கள். மூன்றாவதைச் சுற்றிப் பஞ்சை வைத்து, அதன்மேல் அதே துணியைத் தளர்வாகக் கட்டுங்கள். மூன்றையும் தட்டால் மூடிவிட்டு, இருபது நிமிடம் கழித்து வெப்பமானியை விட்டுப் பாருங்கள். பிறகு வெந்நீருக்குப் பதில் ஐஸ் கட்டி போட்டுச் செய்யுங்கள். எந்த டம்ளரில் ஐஸ் கடைசியாக உருகும்? செய்வதற்கு முன்னால் உங்கள் ஊகத்தை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். அப்புறம் 'நான் அப்பவே சொன்னேன்' என்று யாரும் தப்பிக்க முடியாது.

சரி, காற்றைப் பிடிப்பது பஞ்சு என்றால் தையல் எதற்கு? அழகுக்கா?

இலவம்பஞ்சு மெத்தையில் அங்கங்கே நூலை மேலிருந்து கீழே கோத்து முடிச்சுப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த முடிச்சு இல்லாவிட்டால் நாலு மாதத்தில் பஞ்சு முழுவதும் ஓரத்துக்கு ஓடிவிடும். நடுவில் வெறும் உறைமீது படுத்திருப்போம். குவில்ட்டின் தையலும் அதே வேலையைத்தான் செய்கிறது. இதில் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு. மெத்தையை யாரும் வாஷிங் மெஷினில் போடுவதில்லை. மருத்துவமனைக்குப் போகும் குவில்ட் அடிக்கடி துவைக்கப்படும். தையல் பிடிப்பு இல்லாத இடத்தில் ஈரப் பஞ்சு உருண்டு திரண்டு கட்டியாகிவிடும். கட்டியான இடத்தில் காற்றறைகள் நசுங்கிப்போகும். பஞ்சு போய்விட்ட இடத்திலோ அறையே இருக்காது.

அப்படியானால் நெருக்கமாகத் தைத்துத் தள்ளிவிடலாமே? அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு தையல் கோட்டிலும் மூன்று அடுக்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அந்தக் கோட்டில் காற்றுக்கு இடமில்லை. வெப்பம் அதன் வழியே நழுவும். கோடுகள் கூடக்கூடப் போர்வை மெலிந்து, விறைத்து, அட்டை மாதிரி ஆகிவிடும். தையல் குறைந்தால் பஞ்சு ஓடும், கூடினால் காற்று போகும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த இடத்தைப் பஞ்சு விற்பவர்களே உறைமேல் அச்சிட்டு விடுகிறார்கள். சிலவற்றில் 4 அங்குலத்துக்கு ஒரு தையல் வேண்டும் என்றிருக்கும். முள் வைத்த ஊசிகளால் ஆலையிலேயே குத்திக்குத்தி நார்களைப் பின்னிவிட்ட பஞ்சானால் 8, 10 அங்குலம்வரை விடலாம் என்றிருக்கும். நூறு வருடத்துக்கு முந்தைய குவில்ட்களில் தையல் அவ்வளவு நெருக்கமாக இருப்பதைப் பார்த்து, 'அந்தக் காலத்தில் எவ்வளவு பொறுமை!' என்று வியப்பார்கள். பொறுமை ஒரு பக்கம். தளர்வான பஞ்சை வைத்துக்கொண்டு அவர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

குவில்ட் பொழுதுபோக்காக இல்லாமல் உயிர்ப் பிரச்சினையாக இருந்த ஓர் ஊரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓடும் ஊர் ஜீஸ் பெண்ட். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களின் வழிவந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். அவர்களுடைய பழைய வீடுகள் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டியவை. இடுக்குகள் வழியே குளிர்காற்று வரும். சுவரில் செய்தித்தாள் ஒட்டி இடுக்குகளை அடைத்தார்கள். பருத்தி அரவை ஆலையின் தரையில் சிந்திக் கிடந்த பஞ்சைக் கூட்டி அள்ளிவந்து, குச்சியால் அடித்துப் புடைத்து, குவில்ட்டின் நடுவில் வைத்தார்கள். மேலே? வயல் வேலைக்குப் போட்டுக் கிழிந்த ஜீன்ஸ், மாவு வந்த பை, பழைய சட்டை, எது கிடைத்தாலும்.

ஏழ்மைதான் காரணம் என்றாலும் இயற்பியல் கணக்குப்படி அது நல்ல தேர்வு. ஜீன்ஸ் துணி நெருக்கமான நெசவு; வீசும் காற்றை உள்ளே விடாது. வெளியே காற்றைத் தடுக்கும் துணி, உள்ளே காற்றை அடைத்து வைக்கும் பஞ்சு. மலையேறுபவர்களின் விலை உயர்ந்த கோட்டிலும் இதே ஏற்பாடுதான்.

1960களில் அந்த வட்டாரத்தில் ஓட்டுரிமை கேட்டுப் பதிவு செய்யப் போன கறுப்பின மக்கள் பலர் வேலையை இழந்தார்கள், வீட்டைவிட்டும் துரத்தப்பட்டார்கள். 1966-ல் ஜீஸ் பெண்டிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் இருந்த பெண்கள் சேர்ந்து 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். குவில்ட் விற்ற பணம் குடும்பங்களுக்குப் போனது. 1972-ல் சியர்ஸ் நிறுவனத்துக்காக வரிவரியான கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கும் வேலை கிடைத்தது. மிச்சமான கார்டுராய் துண்டுகள் வீட்டுக்கு வந்து புதுவகைக் குவில்ட்களாயின. 2002-ல் அந்த ஊர்க் குவில்ட்கள் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின. 2006-ல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் வந்தன.

இப்போது மருத்துவமனைக்குள் போவோம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் கண்ணாடிப் பெட்டி போன்ற இன்குபேட்டருக்குள் இருப்பார்கள். சங்கத்தார் அந்தப் பெட்டிகளுக்கென்றே குவில்ட் தைத்துக் கொடுக்கிறார்கள். குழந்தைமேல் போர்த்தவா? இல்லை, பெட்டிமேல் போட!

குட்டி உடம்பு ஏன் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6, கன அளவு 1. பக்கம் 2 செ.மீ. ஆனால் பரப்பு 24, கன அளவு 8. முதலாவதில் ஒரு பங்கு உடம்புக்கு 6 பங்கு பரப்பு. இரண்டாவதில் 3 பங்குதான். வெப்பம் வெளியேறுவது பரப்பு வழியே. ஆகவே சின்ன உடம்புக்கு வெப்ப இழப்பு அதிகம். போதாக்குறைக்குக் குறைமாதக் குழந்தையின் தோல் மெல்லியது. நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் பச்சிளம் குழந்தைகளுக்குத் தெரியாது. அதற்குப் பதில் 'பழுப்புக் கொழுப்பு' என்ற தனிக் கொழுப்பை எரித்துத்தான் வெப்பம் பெறுகிறார்கள். அது கருவில் கடைசி மாதங்களில்தான் சேரும். முன்பே பிறந்தவர்களிடம் அது கொஞ்சமாகவே இருக்கும். வெப்பத்தை இன்குபேட்டர் பார்த்துக்கொள்கிறது. பல இன்குபேட்டர்களுக்கு இரட்டைச் சுவர். இரண்டு சுவருக்கும் நடுவே என்ன இருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

மேலே போடும் குவில்ட்டின் வேலை வேறு. தாயின் வயிற்றுக்குள் இருள். மருத்துவமனையிலோ எந்நேரமும் விளக்கு. இன்னும் கருவுக்குள் இருந்திருக்க வேண்டிய குழந்தையின் கண்ணுக்கு அந்த வெளிச்சம் ஆகாது. வெளிச்சத்தைக் குறைக்கும் திரைதான் அந்தக் குவில்ட். அதனால் அடித்துணி கருநீலம் போன்ற அடர்ந்த நிறத்தில் இருப்பது நல்லது. பெற்றோர் பார்க்கும் மேல்பக்கத்தில் யானையோ நிலாவோ இருக்கலாம்.

இன்னொன்று. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தூங்கும் தொட்டிலுக்குள் குவில்ட், தலையணை, பொம்மை எதையும் போடக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி சொல்கிறது. மென்மையான துணி மூக்கை மூடினால் விலக்கிக்கொள்ள அந்தக் குழந்தைக்குத் தெரியாது. ஆசையாகத் தைத்த பாட்டிக்கு இதைக் கேட்டால் வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் சங்கங்கள் இதை ஏற்று, 'தரையில் விரித்துக் குழந்தையை விளையாட விடுங்கள்' என்று சொல்லிக் கொடுக்கின்றன. பொத்தான் ஏன் கூடாது என்பதும் இங்கேயே விளங்கிவிடும். கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான் போகும்.

சென்ட், சிகரெட் விதிகளுக்கு வருவோம். 1995-ல் கொலராடோ மாநிலத்தில் கேரன் லூக்ஸ் என்ற பெண் ஒரு பத்திரிகையில் படித்தார்: புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்த ஒரு சிறுமிக்கு அவளுடைய செல்லப் போர்வைதான் தைரியம் தந்ததாம். டென்வரில் இருந்த குழந்தைகள் புற்றுநோய் மையத்துக்குப் போர்வைகள் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார். 'பீனட்ஸ்' சித்திரக்கதையில் எப்போதும் போர்வையோடு திரியும் பையன் லைனஸ். அவன் பெயரையே தன் முயற்சிக்கு வைத்தார். இன்று அமெரிக்கா முழுவதும் குவில்ட் சங்கங்கள் 'ப்ராஜெக்ட் லைனஸ்' அமைப்புக்குத் தைத்துத் தருகின்றன.

புற்றுநோய் மருந்து எடுக்கும் குழந்தைக்குச் சின்ன வாசனைகூடக் குமட்டலைக் கிளப்பும். துணியோ வாசனையை எளிதில் விடாது. ஒரு நாரை வெறும் கண்ணால் பார்த்தால் மயிரிழை. ஆனால் ஒரு போர்வையில் உள்ள நார்களின் மேற்பரப்பையெல்லாம் கூட்டினால் மிகப் பெரிய பரப்பு வரும். சிகரெட் புகையின் நிகோடின் அந்தப் பரப்பில் படிந்து, நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். பிடித்தவர் எழுந்து போன பிறகும் புகை போவதில்லை.

துணியை முன்பே துவைக்கச் சொல்வதற்கு இரண்டு காரணம். ஒன்று சுருக்கம். நூற்கும்போதும் நெய்யும்போதும் நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்திருப்பார்கள். தண்ணீர் பட்டதும் அது 'அப்பாடா' என்று தளர்ந்து பழைய நீளத்துக்குத் திரும்பும். தைத்த பிறகு ஒரு துண்டு மட்டும் அப்படிச் சுருங்கினால் போர்வை கோணிக்கொள்ளும்.

இரண்டாவது காரணம் சாயம். இதில் நம் கடற்கரைக்கும் பங்கு உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வசதியானவர்கள் வீட்டுக் குவில்ட்களில் சோழமண்டலக் கடற்கரையிலிருந்து போன பூப்போட்ட பருத்தித் துணி இருக்கும். விலை அதிகம் என்பதால் ஒவ்வொரு பூவாகக் கத்தரித்து, வெள்ளைத் துணிமேல் தள்ளித் தள்ளி வைத்துத் தைப்பார்களாம். அப்படி என்ன மோகம்? துவைத்தாலும் போகாத சிவப்பு. நம் கைவினைஞர்கள் முதலில் படிகாரத்தைத் துணியில் ஏற்றினார்கள், பிறகு சாயவேரில் தோய்த்தார்கள். படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு பக்கம் பருத்தி நாரையும் மறுபக்கம் சாய மூலக்கூறையும் பிடித்துக்கொள்ளும். பிடி இருந்தால் நிறம் போகாது. இந்தத் துணியால் தங்கள் நெசவாளர்களின் பிழைப்பு போகிறது என்ற கூக்குரல் எழுந்து, பிரிட்டன் 1721-ல் அச்சிட்ட பருத்தித் துணியைப் பயன்படுத்தவே தடை போட்டது. 1774 வரை அந்தத் தடை இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், 1960களில் அதே அமெரிக்காவில் 'கட்டாயம் சாயம் போகும்' என்று பெருமையாக விளம்பரம் செய்து விற்கப்பட்டது மெட்ராஸ் கட்டம் போட்ட துணி! சட்டைக்கு அது அழகாக இருக்கலாம். வெள்ளைத் துண்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துத் தைத்துவிட்டு முதல் துவைப்பில் பார்த்தால் தெரியும்.

கணக்கையும் கொஞ்சம் தொட்டுவிடுவோம். இரண்டு துண்டுகளை இணைக்கும்போது தையலுக்காக ஒவ்வொன்றிலும் கால் அங்குல ஓரம் விடுவார்கள். இருபது துண்டுகளை வரிசையாக இணைத்தால் 19 தையல், 38 ஓரம். ஒவ்வோர் ஓரத்திலும் 1 மி.மீ. பிசகினால் வரிசை 38 மி.மீ. மாறிவிடும். பக்கத்து வரிசையோடு சேரவே சேராது. வெட்டும் திசையும் முக்கியம். ஒரு கைக்குட்டையைப் பாவு வழியாக இழுங்கள், பிறகு ஊடை வழியாக. பெரிதாக நீளாது. மூலைக்கு மூலை இழுங்கள். ரப்பர் போல நெளிந்து கொடுக்கும். நூல் நீளவில்லை, நூல்களுக்கு நடுவே இருந்த சதுரம்தான் சாய்சதுரமாகிவிட்டது. டெய்லர்கள் 'கிராஸ்' என்பது இந்தத் திசையைத்தான். சதுரத் துண்டைக் கிராஸாக வெட்டினால் தைக்கும்போதே கோணும். வளைந்த ஓரத்துக்குப் பட்டி வைக்கும்போது மட்டும் வேண்டுமென்றே கிராஸில் வெட்டுவார்கள்.

பொத்தான் கூடாது என்றேன் அல்லவா? பொத்தானும் ஜிப்பும் கட்டாயம் வேண்டும் என்கிற குவில்ட்டும் ஒன்று உண்டு. அல்சைமர் போன்ற மறதி நோய் உள்ள பெரியவர்களின் கை சும்மா இருக்காது; முந்தானையைப் பிசையும், மேசையைத் தடவும். அவர்களின் மடியில் விரிக்க ஒரு சின்னக் குவில்ட் தைக்கிறார்கள். அதில் திறந்து மூட ஒரு ஜிப், பிரித்து ஒட்ட வெல்க்ரோ, நீவிவிட ரோமத் துணி, வரிவரியாகக் கார்டுராய், முடிச்சுப் போட ரிப்பன். பொத்தான் பெரிதாக இருக்கும். இழுத்தாலும் வராதபடி பலமாகத் தைத்திருப்பார்கள். ஒரு கையின் உள்ளங்கைப் பக்கத்தில் மட்டும் தொடுதலை உணரும் ஏற்பிகள் சுமார் 17,000 இருக்கின்றன, விரல் நுனிகளில் மிக நெருக்கமாக. நண்பனின் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பென்சில் முனைகளை 1 செ.மீ. இடைவெளியில் அவன் விரல் நுனியில் மெல்ல வையுங்கள். இரண்டு என்பான். அதே இடைவெளியில் முதுகில் வையுங்கள். ஒன்று என்றுதான் சொல்வான்.

கடைசி விதி குண்டூசி. தைப்பதற்கு முன் மூன்று அடுக்கும் நழுவாமல் இருக்க நிறைய ஊசிகள் குத்தியிருப்பார்கள். ஒன்றிரண்டு உள்ளே தங்கிவிடலாம். போர்வையை விரித்து மேலே காந்தத்தை நகர்த்தினால் எஃகு ஊசி எங்கிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். பித்தளை ஊசி காந்தத்துக்கு மசியாது. அதைக் கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு மேசையடியில் ஒரு குவியல் மிச்சமிருக்கும்: விரல் அகலத் துணிச் சீவல்கள், பஞ்சுக் கிழிசல்கள், போட்டிக்குக் கொடுத்தும் யாருக்கும் பிடிக்காத அந்தத் துணி. சங்கத்தார் இவற்றையும் வீசுவதில்லை. ஓர் உறைக்குள் திணித்துத் தைத்து, தெருவிலிருந்து மீட்ட நாய்களைப் பராமரிக்கும் காப்பகங்களுக்குப் படுக்கையாக அனுப்புகிறார்கள். இங்கே நிறப் பொருத்தம் பார்க்கும் கவலையே இல்லை. நம் கண்ணில் நிறம் உணரும் கூம்பு செல்கள் மூன்று வகை. நாய்க்கு இரண்டு வகைதான். நீலமும் மஞ்சளும் அதற்குத் தெரியும். நாம் பார்த்து முகம் சுளிக்கும் சிவப்பும் பச்சையும் கலந்த படுக்கை, அதற்கு ஏறக்குறைய ஒரே நிறம்.